இரண்டு டிகிரி சாய்வு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் கை நடுக்கத்துக்குப் புது மருந்து கேட்கிறதா? போன தடவை விசாரித்தபோது "வயசானா ஆடத்தான் செய்யும்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாய். தொலைபேசியில் நீ எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். அதனால் கடிதம்.

மேலே உள்ள முகவரி புதியது. சலவைக்கடைக்கு மேல் ஓர் அறை. கீழே இஸ்திரி போடுவதால் நாள் முழுக்கச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கிறது. சாய்ந்தால் யாரோ முதுகில் கை வைத்த மாதிரி. பழைய அறையில் என்ன குறை என்று கேட்காதே. குறை ஒன்றும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

வேலை விஷயம். முதலாளி என்னை விற்பனையில் இருந்து எடுத்துப் பட்டியல் வேலைக்குப் போட்டிருக்கிறார். பழைய கேமராக்களைச் சேகரிப்பவர்களுக்காகக் கடை ஒரு புத்தகம் போடுகிறது. அதில் என் பங்கு தோள்கட்டைகள். நீண்ட லென்ஸ் கனம். வெறும் கையில் பிடித்தால் ஆடும். அதனால் துப்பாக்கியைப் போலத் தோளில் அணைத்துக்கொள்ள அடியில் ஒரு கட்டை. நம் வீட்டு அலமாரிக்கு மேல் கிடக்கிறதே, அது. எல்லாம் ஒரே கம்பெனி செய்தது, நான்கு வகை. எது எந்த வகை என்று யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. "நீ எழுது. சரியா வந்தா பட்டியல் பிரிவையே உன்கிட்ட குடுத்துடறேன்" என்றார் முதலாளி.

அடையாளம் இதுதான். தோளில் படுகிற பின்தகட்டில் இருந்து விரல் அழுத்துகிற விசை வரை அளக்க வேண்டும். முதல் வகை முப்பத்துமூன்று சென்டிமீட்டர், ஒரே மரம். இரண்டாவதும் முப்பத்துமூன்று, ஆனால் நடுவில் கீல், மடங்கும். மூன்றாவதும் நான்காவதும் உலோகக் குழாய், இன்னும் நீளம். மரக்கட்டை என்றால் கன்னம் வைக்க இடப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். பின்தகட்டில் இரண்டு திருகு, தலையில் ஒற்றைக் கோடு.

அப்பாவுடையது எந்த வகை? அளந்து எழுது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க இரண்டு கருவிழிக்கு நடுவே மில்லிமீட்டர் பார்க்கிறவள் நீ. உனக்கு ஒரு நிமிட வேலை.

உன் தம்பி

*

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். மருந்து பரவாயில்லை. டம்ளரில் முக்கால் வரை ஊற்றினால் சிந்தாமல் குடிக்கிறார்.

கட்டையை அளந்தேன். முப்பத்துமூன்று. ஒரே மரம். பள்ளம் இடப்பக்கம். திருகுகள் நீ எழுதியிருக்கிற மாதிரிதான். முதல் வகை. சாதாரணம்.

கடையில் கூட்டம். நேற்று ஓர் அம்மாள் கணவரை அழைத்துக்கொண்டு வந்தார். "நான் சொல்றது இவருக்குக் காதுலயும் விழல, நான் நிக்கறது கண்லயும் படல. முதல்ல எதைச் சரி பண்ணலாம், நீயே சொல்லும்மா" என்றார். கணவர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தார். கண்ணில் ஒன்றுமில்லை. அதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது?

அறை மாறும்போது போர்வையை விட்டுவிட்டு வராதே. போன தடவை விட்டுவிட்டாய்.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சளி பிடித்து விட்டுவிட்டது. இப்போது நலம். போர்வை பத்திரம்.

முதல் வகை என்று படித்ததும் சப்பென்று ஆகிவிட்டது. அப்பாவுடையது ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. இருந்தாலும் ஒரு யோசனை. முதலாளியிடம் சொன்னேன், அவருக்கும் பிடித்திருக்கிறது. முதல் வகைக்கான பக்கத்தில் அப்பாவின் கட்டையைப் போடுவது. அதற்குக் கீழே, பத்திரிகையில் அப்பாவுக்குப் பேர் வாங்கித் தந்த அந்த கோல்கீப்பர் படம். "இந்தப் படம் இந்தக் கட்டையில் எடுக்கப்பட்டது."

படம் இந்த அறையிலும் எதிர்ச் சுவரில்தான் இருக்கிறது. அறைகள் மாறுகின்றன, அது மட்டும் கூடவே வருகிறது. பந்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அவன் இரண்டு காலும் தரையில் இல்லை. கண்கள் மூடியிருக்கின்றன. தோற்றுப்போனது தெரிவதற்கு முந்தைய நொடி. இல்லை, தெரிந்துகொள்ள விரும்பாத நொடி. அந்த நேரத்தில் யாரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். அப்பா முகத்தைப் பார்த்திருக்கிறார்.

உன்னிடம் சொல்லவில்லை. போன வருடத்தோடு நான் படம் எடுப்பதை விட்டுவிட்டேன். எட்டு வருடம் மைதானம் மைதானமாக நின்றேன். கை ஆடாது, குவியம் தப்பாது. முகம் மட்டும் கிடைக்காது. கட்டைகளை அளப்பது எவ்வளவோ மேல். அளவு ஏமாற்றாது.

கட்டையைப் படம் பிடித்து அனுப்பு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. அவசரம்.

தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தாமதத்துக்குக் காரணம் கடையில் ஆள் குறைவு. பிறகு அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். பிறகு எனக்கு. காரணம் இல்லாத நாட்களும் சில இருந்தன.

படம் இத்துடன். கடையில் கூட வேலை செய்கிற பெண்ணின் கேமராவை வாங்கி எடுத்தது. ஸ்கேல் வைக்க மறந்துவிட்டேன். அளவுதான் முன்பே எழுதிவிட்டேனே.

படம் எடுப்பதை ஏன் விட்டாய்? அதை நீ எழுதியிருக்க வேண்டாம். எழுதிய பிறகு எனக்குத் தெரியாது என்று இருக்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நலமாகவே இரு.

நீ தப்பாக அளந்திருக்கிறாய்!

லென்ஸைக் கட்டையோடு பிணைக்கிற திருகுமூடி எல்லா வகையிலும் இரண்டு சென்டிமீட்டர் அகலம். உன் படத்தில் அது நாலு மில்லிமீட்டர் இருக்கிறது. பின்தகடு முதல் விசை வரை ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார். இருபத்தேழரை. முப்பத்துமூன்று இல்லை. அதோடு, பள்ளம் இடப்பக்கம் என்று எழுதினாய். படத்தில் வலப்பக்கம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுக் கழுவிவிட்டார்களோ என்று பார்த்தேன். மரத்தில் குத்தியிருக்கும் எண் நேராகத்தான் தெரிகிறது.

இந்த நீளத்தில், இந்தப் பக்கப் பள்ளத்தோடு ஒரு கட்டை உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஐந்தாம் வகை!

இன்னும் இருக்கிறது. பின்பகுதி நேராக வெட்டப்படவில்லை. பாகைமானி வைத்துப் பார்த்தேன். இரண்டு டிகிரி சாய்வு. மற்ற எதிலும் இது இல்லை. தோள் எலும்பின் சரிவுக்கு ஏற்ப வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். முதலாளி படித்துவிட்டு "என்னமா யோசிச்சிருக்கான்யா!" என்று மேசையைத் தட்டினார். படத்தையும் விடவில்லை. "எடுத்தது யாரு? நிழலே கட்டையைத் தாங்கிப் பிடிச்ச மாதிரி இருக்கே." அக்காவோடு கடையில் வேலை செய்கிற பெண்ணாக இருக்கும் என்றேன்.

எங்கள் பழுது பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான். பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது, கையில் எப்போதும் இருக்கிற ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்புளி என்றால்தான் திரும்புவான். மடக்கிய முழங்கை மடிப்பில் இருந்து, விசையை அழுத்த வளைத்த ஆள்காட்டி விரல் வரை என்ன நீளமோ அதுதான் ஒருவருக்கு ஏற்ற கட்டை என்றான். என் கையை அளந்துவிட்டேன். முப்பத்துநான்கு. அப்பாவுக்கு நிச்சயம் அதற்கும் மேல். அவ்வளவு பெரிய கை இவ்வளவு சின்னக் கட்டையை வைத்துக்கொண்டு எப்படி எடுத்தது? அதில்தான் அப்பா அப்பாவாக இருக்கிறார்.

மேலே கட்டை, கீழே கோல்கீப்பர் படம், புத்தகத்தின் அட்டையே இதுதான் என்று முடிவாகிவிட்டது.

தம்பி

*

மே 3

தம்பிக்கு,

நலம்.

அது ஐந்தாம் வகை இல்லை. பட்டியலில் சேர்க்காதே. அட்டையில் போடாதே. விட்டுவிடு.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று ஒரு சொல்லில் எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கும் சேர்த்தா?

ஒன்றரை மாதம் பதில் போடாதவள் நாலே நாளில் போடுகிறாய். அதுவும் மூன்று வரி. இல்லை என்றால் ஏன் இல்லை? நீ அளந்தது முப்பத்துமூன்று என்றால் படம் பொய். படம் நிஜம் என்றால் நீ எழுதியது பொய். மில்லிமீட்டரில் பிழைக்கிறவள் அஞ்சரை சென்டிமீட்டர் தப்ப மாட்டாய்.

சலவைக்கடை அறையை விட்டுவிட்டேன். இப்போது இருப்பதற்கு இரண்டு கதவு. ஒன்று தெருவுக்கு, ஒன்று மாடிப்படிக்கு. ஒன்றைப் பூட்டினால் மற்றது திறந்திருக்கிறதோ என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். கடையில் அளவுகோலை எடுக்கிறேன், வைக்கிறேன். நடக்கிறேன். பேருந்துப் பணிமனை வரை போய் அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

இது எனக்கு வேலை மட்டும் இல்லை. அப்பாவின் கண் எனக்கு வரவில்லை. அவர் கட்டையையாவது சரியாக அடையாளம் காட்டிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. அவருடைய மகன் என்று சொல்லிக்கொள்ள ஒரு பக்கம்.

ஜூலை இருபதில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அப்பாவிடம் கேள். எந்த வருடம் வாங்கினார், எங்கே வாங்கினார், வாங்கும்போதே இப்படி இருந்ததா. நீ கேட்காவிட்டால் நானே தொலைபேசியில் கேட்பேன்.

தம்பி

*

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா நலமாக இருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.

உன் கடிதங்களை அவருக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். எழுத்து அவருக்குத் தெரியாமல் இல்லை, தாளைப் பிடித்தால் வரிகள் ஆடுகின்றன. இதுவரை சில வரிகளைத் தாண்டித்தான் படித்து வந்தேன். போன வாரம் மேசை இழுப்பறையில் வேறு எதையோ தேடும்போது உன் ஏப்ரல் கடிதம் அவர் கையில் அகப்பட்டுவிட்டது.

"என்ன எழுதியிருக்கான்?"

"நல்லா இருக்கானாம். அறை மாத்திட்டானாம்."

"மறுபடியுமா? அவன் கால்ல சக்கரம்ல கட்டியிருக்கு." தாள்களைப் பிரித்து எண்ணினார். "ரெண்டு தாள் இருக்கு. நீ அன்னைக்கு ஒண்ணுதானே படிச்ச."

இரண்டாவதையும் படித்தேன். ஐந்தாம் வகை, வலப்பக்கப் பள்ளம், தோள் எலும்பின் சரிவு, உன் முதலாளி மேசையைத் தட்டியது வரை.

"எத்தனை டிகிரின்னு எழுதியிருக்கான்?"

"ரெண்டு."

"அளந்தா பார்த்தான்?"

"பாகைமானி வெச்சு."

அப்பா சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை. அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் சாப்பிட வரவில்லை. தட்டினேன். "பசிக்கலம்மா பெரியவளே" என்றார்.

நீ கேட்டவற்றுக்குப் பதில்: உனக்கு மூன்று வயதாகும்போது வாங்கியது. பத்திரிகை ஆபீஸ் கொடுத்த லென்ஸுக்கு அப்பா சொந்தமாக வாங்கிய கட்டை.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா இப்போது சாப்பிடுகிறாரா? முதலில் அதை எழுது.

திருப்புளியிடம் படத்தைக் கொடுத்தேன். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"பின்தகட்டைப் பாத்தியா?"

"பார்த்தேன். ரெண்டு திருகு."

"மேல இருக்கறது கோட்டுத் தலை. கீழ இருக்கறது ஸ்டார் ஸ்க்ரூ. இந்தக் கம்பெனிக்காரன் ஸ்டார் ஸ்க்ரூவைக் கனவுலகூட தொட்டதில்ல."

"அப்படின்னா?"

"தகட்டைக் கழட்டி, மரத்தை அறுத்து, மறுபடி மாட்டியிருக்காங்கப்பா. ஒரு திருகு தொலைஞ்சிருக்கும், கையில கிடைச்சதைப் போட்டாச்சு. இடப்பக்கப் பள்ளத்துல மரத்தூளும் பசையும் வெச்சு நிரப்பி, வலப்பக்கம் புதுசா தோண்டியிருக்கும். உன்னோட அஞ்சாம் வகை ஏதோ ஒரு வீட்டு மேசையில தயாரானதுய்யா."

கோபம் வந்தது. அவனிடம் பேசாமல் வெளியே வந்து நடந்தேன். மூன்று தெரு தாண்டியதும் கோபம் போய்விட்டது. மீதி இருந்தவை இவை.

அப்பாவின் கைக்கு முப்பத்தைந்தாவது வேண்டும். இருபத்தேழரை வளர்ந்த ஆணின் கை இல்லை.

பள்ளம் வலப்பக்கம் என்றால் கட்டை இடது தோளில் நின்றிருக்கிறது. அப்பா வலது கைக்காரர்.

கோல்கீப்பர் படத்தை மறுபடி பார்த்தேன். கோல் கம்பம் தெரிகிற விதத்தைப் பார்த்தால் எடுத்தவரின் கண் தரையில் இருந்து நாலேமுக்கால் அடி உயரத்தில் இருந்திருக்கிறது. அப்பா ஆறடி. மண்டி போட்டிருப்பார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்தேன். மண்டி போட்டால் இன்னும் கீழே போயிருக்கும்.

நம் மேசை. நீ எப்போதும் இடது ஓரம். இடம் மாறி உட்கார்ந்தால் எழுதும்போது உன் முழங்கை என் முழங்கையில் இடிக்கும். "தள்ளிக்கோடா" என்பாய். நான் தள்ள மாட்டேன்.

அம்மா போனதும் என்னை ஹாஸ்டலில் விட்டார்கள். நீ அப்பாவுடன் மைதானத்துக்குப் பை தூக்கிக்கொண்டு போகிறாய் என்று எனக்குச் சொன்னார்கள். உனக்கு அப்போது பதினாறு.

ஒரு கேள்விதான். அப்பாவின் கை எந்த வருடம் ஆட ஆரம்பித்தது?

அச்சுக்கு இன்னும் மூன்று வாரம்.

தம்பி

*

ஜூலை 8

சின்னவனுக்கு அப்பா எழுதுவது.

நான் சாப்பிடுகிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும். நாலு நாளாக இதை எழுதுகிறேன். எழுத்து ஆடும். புரியாவிட்டால் அந்தத் திருப்புளியிடம் கொடுத்துப் படித்துக்கொள். ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தவன் இதையும் படிப்பான். உன் கடைசிக் கடிதத்தைப் பெரியவள் எனக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் வேலைக்குப் போனதும் மேசையில் தட்டையாக வைத்து நானே படித்தேன்.

நீ கேட்டது. உன் அம்மா போன வருடம் ஆட ஆரம்பித்தது. ஆபீசில் தெரிந்தால் மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படமும் கலங்கிப் போயிற்று. பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த ஆட்டத்தில் "குடுங்கப்பா" என்றாள். கொடுத்தேன்.

கட்டை அவளுக்கு நீளம். சமையலறை மேசையில் வைத்து நான்தான் அறுத்தேன். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கை ஆடியதில் ரம்பம் சாய்ந்துவிட்டது. மறுபடி அறுக்கிறேன் என்றேன். "போதும்பா, இதுவே நல்லா இருக்கு" என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டாள். நீ பாகைமானி வைத்து அளந்தது என் கையை.

ஐந்து வருடம். பார்ப்பவர்களுக்கு நான் ஓய்வாக நிற்கிற மாதிரியும், அவள் எனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரியும் தெரியும். அந்த கோல்கீப்பர் படத்துக்குப் பதக்கம் வாங்க மேடை ஏறியது நான். அவள் மூன்றாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டினாள். பிறகு ஒரு நாள் அவளே நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள். எனக்காக. நீ அந்தப் படத்தின் முன்னால் நின்று உன்னைக் குறைத்துக்கொண்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அதுவும் என் கணக்கில்தான்.

புத்தகத்தில் உள்ளதைப் போடு. என்னைப் பற்றி யோசிக்காதே. இதை நானே தபால்பெட்டி வரை நடந்து போய்ப் போடுகிறேன்.

அப்பா

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா எனக்கு எழுதியது உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அவர் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. அது எனக்கு வேண்டும்.

மூன்று வாரம் உனக்கு எழுதினேன், கிழித்தேன். முதலில் எழுதியவை எல்லாம் திட்டு. எட்டு வருடம், அக்கா. எட்டு வருடம் நான் அப்பாவிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். உன்னிடம்தான் தோற்கிறேன் என்று தெரிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். உன்னிடம் தோற்றுத்தானே வளர்ந்தேன். கேரம், ஓட்டம், கணக்கு, எல்லாம். அது எனக்குப் பழக்கம். படத்தைச் சுவரில் இருந்து கழற்றினேன். பிறகு ஆணி மட்டும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்ப மாட்டிவிட்டேன்.

சாய்வைப் பற்றி எழுதிய ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப அஞ்சாம் வகை கிடையாதா?"

"கிடையாது. முதல் வகைதான். வீட்டுல அறுத்தது."

"அட்டைக்கு என்னய்யா போடறது?"

"அதே கட்டை. அதே படம். எடுத்தவங்க பேரு மட்டும் வேற."

"யாரு?"

"எங்க அக்கா."

"அக்கான்னு அச்சுல போட முடியுமா? முழுப் பேரைச் சொல்லு."

சொன்னேன். எழுதிக்கொண்டார். "ஏப்ரல்ல வந்த அந்தக் கட்டைப் படம்?" என்றார். அதுவும் அக்காதான் என்றேன். "அப்பவே கேட்டேன்ல!" என்று மறுபடியும் மேசையைத் தட்டினார். பாவம் அந்த மேசை.

பட்டியல் பிரிவு எனக்கு இல்லை. நான்கு வகையைக் கண்டுபிடிக்க ஆறு மாதமா என்று கேட்டார். திங்கட்கிழமையில் இருந்து மறுபடியும் விற்பனை. வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

பதிவு இப்படி வருகிறது: "முதல் வகை. பின்தகடு முதல் விசை வரை 27.5 செ.மீ.; தொழிற்சாலை அளவு அல்ல. இடக்கைப் பழக்கமுள்ள பதினாறு வயதுப் பெண்ணின் தோளுக்காக அவர் தந்தை அறுத்தது. பின்பகுதியில் இரண்டு டிகிரி சாய்வு, ரம்பம் பிடித்த கை நடுங்கியதால். அட்டையில் உள்ள கோல்கீப்பர் படம் இந்தக் கட்டையில் எடுக்கப்பட்டது. எடுத்தவர்:" அதன்பின் உன் பெயர். முழுப் பெயர் நீளம், ஒரு வரி தள்ளிப் போய்விட்டது.

அப்பா கேட்கப் பயந்ததை நான் கேட்கிறேன். ஏன் நிறுத்தினாய்?

தம்பி

*

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். அப்பா மருந்தை மறக்காமல் சாப்பிடுகிறார். நீ அனுப்பிய புத்தகம் வந்தது. அவர் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். படித்தேன். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று டம்ளரை விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். பாதி சிந்தியது. துடைக்கப் போனேன். "இருக்கட்டும், நானே தொடைக்கறேன்" என்றார்.

தபால்காரரில் இருந்து மாடி வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் புத்தகத்தைக் காட்டுகிறார். அட்டையை இல்லை, உள்ளே அந்தப் பக்கத்தை. "ரெண்டு டிகிரி. என் பையன் அளந்தது." பிறகு விரலை வைத்து அடுத்த வரி. "இது என் பொண்ணு." விரல் ஆடுவதால் எந்த வரி என்று அவர்களுக்குப் புரிவதில்லை. மறுபடியும் காட்டுகிறார்.

ஒரு திருத்தம். இருபத்தேழரை இல்லை, இருபத்தேழு புள்ளி நான்கு. கடை ஸ்கேலில் பார்த்தேன். அடுத்த பதிப்பில் மாற்று.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்டாய். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கட்டை சின்னதாகிவிட்டது. பதினாறில் நான் குச்சி. அதற்குப் பிறகுதான் வளர்ந்தேன். நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் "வளர்றதை நீ இன்னும் நிறுத்தலையா?" என்று கேலி செய்வாய். இருபதில் அது என் தோளில் நிற்கவில்லை. கழுத்தைக் குறுக்கி, மூச்சை அடக்கி, ஒரு வருடம் ஓட்டினேன். இன்னொன்று வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அது யாருடைய கட்டை என்று இருவரும் வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. போய்விட்டேன்.

நேற்று கட்டையை அலமாரியில் இருந்து இறக்கித் தோளில் வைத்துப் பார்த்தேன். பொம்மை மாதிரி இருக்கிறது. இன்று கடையில் அந்தப் பெண்ணிடம் டேப்பைக் கொடுத்து, என் இடது முழங்கை மடிப்பில் இருந்து விரல் வரை அளக்கச் சொன்னேன்.

"எதுக்குக்கா? சட்டை தைக்கவா?"

"ஆமா. மரத்துல."

அவள் படித்த அளவை நம்பாமல் நானும் ஒரு தடவை பார்த்தேன். முப்பத்துமூன்று. பிப்ரவரியில் உனக்கு எழுதினேனே, அதே அளவு.

உங்கள் கடையில் முதல் வகை ஒன்று இருந்தால் எனக்கு அனுப்பு. யாரும் அறுக்காததாகப் பார்த்து. வலப்பக்கப் பள்ளத்தை நானே தோண்டிக்கொள்கிறேன்.

அக்கா